ஒரே பெயர், இரண்டு நோய்

மரக்காணம்,
12.6.2006

அன்பும் மரியாதையும் உள்ள கமலாம்பாள் அக்காவுக்கு,

மரக்காணத்திலிருந்து பாஞ்சாலை வணங்கி எழுதுகிறேன். இங்கே நானும் மகள் தமிழ்நிலாவும் சுகம். நீங்கள் தம்பி என்று கூப்பிடும் என் வீட்டுக்காரரும் இப்போதைக்குச் சுகம்தான். நீங்கள் நல்லபடியாகப் போர்ட் பிளேர் போய்ச் சேர்ந்தீர்களா, வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா என்று ஒன்றும் தெரியாமல் மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.

தட்சணாமூர்த்தி மாமாவின் அஸ்தியை மஞ்சள் துணியில் கட்டி மடியில் வைத்துக்கொண்டு நீங்கள் கப்பல் ஏறப்போனது கண்ணிலேயே நிற்கிறது. உங்கள் ஊர்க் கடலில்தான் கரைப்பேன் என்று சொன்னீர்கள். கரைத்தாகிவிட்டதா அக்கா? அன்று உங்கள் தம்பியை வெயிலில் வரவேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். ஊசி போட்ட உடம்போடு ஆட்டோ பிடித்துத் துறைமுக வாசலுக்கு வந்து நின்றார். "அண்ணனை அனுப்ப ஒரு ஆம்பள வேணாமா" என்று ஒரே பிடிவாதம்.

நாங்கள் முதல் முதலாகச் சென்னை ஆஸ்பத்திரிக்கு வந்த அன்று எனக்கு வாயே திறக்கவில்லை. நீங்கள்தான் பக்கத்துக் கட்டிலிலிருந்து எழுந்து வந்து, குடிதண்ணீர் எங்கே பிடிப்பது, ரத்தம் எடுத்த குப்பியை எந்த ஜன்னலில் கொடுப்பது, எந்த நர்ஸ் சத்தம் போட்டாலும் மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டாள் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தீர்கள். நம் இரண்டு பேர் வீட்டுக்காரருக்கும் ஒரே பெயருள்ள புற்றுநோய் என்று தெரிந்தபோது, ஏதோ ஒரே ஊர்க்காரர்கள் மாதிரி ஆகிவிட்டோம். உங்கள் ஸ்டவ்வில்தான் நான் கஞ்சி வைத்தேன். அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது.

இங்கே வெயில் நல்ல வெயில். உப்பளத்தில் பாத்திக்குப் பாத்தி வெள்ளையாகப் பூத்துக் கிடக்கிறது. மழைக்கு முன்னால் வாரிக் கரையேற்ற வேண்டும் என்று ஊரே அங்கேதான் இருக்கிறது. உங்கள் தம்பிக்குக் கழுத்திலும் அக்குளிலும் இருந்த கட்டி இரண்டாவது ஊசியிலேயே கரைந்து போய்விட்டது அக்கா. தடவிப் பார்த்தால் ஒன்றுமே இல்லை. நன்றாகப் பசிக்கிறது. போன வாரம் உப்பு வாரும் பலகையைத் தோளில் போட்டுக்கொண்டு வேலைக்கே கிளம்பிவிட்டார். பார்க்கிறவர்கள் எல்லாம், "அர்ச்சுனன் பொழைச்சுக்கிட்டான்" என்கிறார்கள்.

ஆனால் நான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தது அதைச் சொல்ல இல்லை.

மூன்றாவது ஊசிக்குத் தேதி கேட்கப் போயிருந்தோம். பூங்குழலி டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் பேசினார்கள். அவர்கள் சொன்னதை எனக்குப் புரிந்தவரையில் எழுதுகிறேன். "இந்த நோயுள்ள எல்லாருக்கும் பேரு ஒண்ணுதாம்மா. மைக்ராஸ்கோப்புல வெச்சுப் பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரியும். ஆனா உள்ள நடக்கறது வேற வேற" என்றார்கள். உடம்பில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் ஆயிரக்கணக்கில் ஜீன் இருக்கிறதாம். எல்லாம் எல்லா நேரமும் வேலை செய்யாதாம். சிலது மும்முரமாக வேலை செய்யும், சிலது சும்மா கிடக்கும். ஒரு தெருவில் எல்லா வீடும் வெளியே பார்க்க ஒரே மாதிரி ஓட்டு வீடாக இருந்தாலும், எந்த வீட்டில் அடுப்பு எரிகிறது என்று பார்த்தால் உள்ளே நடப்பது தெரியும் இல்லையா, அப்படித்தான் என்று நான் எடுத்துக்கொண்டேன். இவருடைய கட்டியில் எந்தெந்த ஜீன் வேலை செய்கிறது என்று பெங்களூரில் ஒரு லேபில் மொத்தமாக அளந்து பார்த்திருக்கிறார்கள். மாமா கையெழுத்துப் போட்டதைப் பார்த்து இவரும் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டாரே, வெட்டி எடுத்த கட்டியில் ஒரு துண்டை ஆராய்ச்சிக்குத் தருகிறேன் என்று, அந்தத் துண்டுதான்.

அதில் தெரிந்தது என்னவென்றால், இவருக்கு இருப்பது அந்தப் பெயருள்ள சாதாரண ரகம் இல்லை. அதைவிட வேகமாக வளரும் வேறு ரகமாம். டாக்டர் அதை மட்டும் வைத்து முடிவு செய்யவில்லை. இங்கேயும் இன்னொரு பரிசோதனை செய்து பார்த்து, அதுவும் ஒத்துவந்த பிறகுதான் எங்களிடம் சொன்னார்கள். "இப்ப குடுக்கற மருந்துல இது கரையும். கரைஞ்சுட்டுத் திரும்பி வரும். திரும்பி வந்துட்டா அப்புறம் எதுக்கும் கேக்காது. இப்பவே வேற மருந்துக்கு மாறணும்" என்றார்கள். அந்த மருந்து ரொம்பக் கடுமையாம். நாள் கணக்கில் ஏறிக்கொண்டே இருக்குமாம். முதுகுத்தண்டிலும் ஊசி போடவேண்டும். மாசக்கணக்கில் ஆஸ்பத்திரியிலேயே கிடக்கவேண்டும்.

உங்கள் தம்பி திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், "கட்டியே இல்லாதவனுக்கு எதுக்குடி மருந்து?" என்றார். வீட்டுக்கு வந்தால் அவர் அண்ணன் சிவப்பிரகாசம் அதற்கு மேல். "ஏழைங்கள வெச்சு சோதனை பண்றாங்கடா. பேப்பர்ல கையெழுத்து வாங்கினாங்களே, அதுக்குத்தான் இதெல்லாம். பேசாம வேலையைப் பாரு" என்று சொல்லிவிட்டார். கோபித்துக்கொள்ள முடியவில்லை அக்கா. அவர் தம்பிமேல் உயிராக இருக்கிறவர். என் மனசுக்குள்ளேயும் அந்தப் பயம் ஒரு ஓரத்தில் இருக்கத்தான் செய்கிறது. டாக்டர் முகத்தைப் பார்த்தால் நம்பத் தோன்றுகிறது. இவர் ஆரோக்கியமாகச் சாப்பிடுவதைப் பார்த்தால் அண்ணன் சொல்வதை நம்பத் தோன்றுகிறது.

மாமாவுக்கும் இப்படித்தான் கரைந்தது என்று நீங்கள் ஒருநாள் துணி துவைக்கும் இடத்தில் என்னிடம் சொன்னீர்கள். நான் அதை இவரிடம் சொல்லவில்லை. அது என் வாயால் சொல்லக்கூடிய விஷயம் இல்லை. உங்கள் துக்கத்தை எடுத்து இவரைப் பயமுறுத்த எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

கேட்கக் கூடாததைக் கேட்கிறேன் அக்கா. உங்கள் வீட்டில் போன் இல்லை என்று தெரியும். எங்காவது போய், இதோடு வைத்திருக்கும் சீட்டில் உள்ள நம்பருக்கு ஒரு போன் போட்டு இவரிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா? உப்பு லாரி ஓட்டும் ஆரோக்கியராஜ் வீட்டு நம்பர் அது. அவர் மனைவி சகாயசெல்வி எந்த நேரமானாலும் ஓடிவந்து கூப்பிடுவாள். இவர் யார் சொன்னாலும் கேட்கவில்லை. அண்ணி நீங்கள் சொன்னால் கேட்பார். முடியாவிட்டால் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பாஞ்சாலை நலம் விசாரித்து எழுதியிருந்தாள் என்று மட்டும் நினைத்துக்கொள்ளுங்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா உங்களுக்குத் துணையாக இருப்பார்.

உங்கள் தங்கை,
பாஞ்சாலை


சென்னை,
20.8.2006

என்றும் நன்றியுள்ள கமலாம்பாள் அக்காவுக்கு,

பாஞ்சாலை வணக்கம். வார்டில் இருந்துதான் எழுதுகிறேன். நீங்கள் இருந்த அதே ஜன்னல் பக்கம். உங்கள் கார்டு கிடைத்தது. மாமா வேலை பார்த்த துறைமுக ஆபீஸிலேயே உங்களுக்கு வேலை போட்டுக் கொடுத்ததைப் படித்து மனசு குளிர்ந்தது. ஆபீஸுக்குப் போய் நாலு பேரோடு பேசிப் பழகினால் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.

உங்கள் போன் வந்த அன்று நடந்ததை நான் இன்னும் உங்களுக்கு எழுதவில்லை. சகாயசெல்வி உப்பளத்துக்கே ஓடிப்போய்க் கூப்பிட்டாள். இவர் கால்கூடக் கழுவாமல் வந்து போனை வாங்கினார். நான் வாசலில் நின்றேன்.  கடைசியில், "சரி அண்ணி" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். வீட்டுக்கு வந்து, கையைக் காலைக் கழுவிவிட்டு, கொடியில் கிடந்த லுங்கி இரண்டை எடுத்துப் பையில் வைத்தார்.  சிவப்பிரகாசம் மாமா வந்து என்னடா இது என்று கேட்டதற்கு, "போறேண்ணே. சொல்லிட்டேன்" என்றார். அவ்வளவுதான்.

நீங்கள் என்ன சொன்னீர்கள் என்பதை இங்கே வந்து படுத்த பிறகுதான் என்னிடம் சொன்னார். "தம்பி, உங்க அண்ணனுக்குக் கரைஞ்சப்ப நான் ஊருக்கெல்லாம் மிட்டாய் குடுத்தேன். கோயில்ல மொட்டை போட்டாரு. மொட்டை அடிச்ச முடி திரும்ப வளர்றதுக்குள்ள கட்டி திரும்ப வந்துடுச்சு. அப்ப எனக்கு இப்படிச் சொல்றதுக்கு ஒருத்தரும் இல்ல. உனக்குச் சொல்றதுக்கு நான் இருக்கேன்ல, போ" என்று சொன்னீர்களாம். இதைச் சொல்லும்போது இவர் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார். மாமா போய் இரண்டு மாசம்கூட ஆகாத நேரத்தில், டெலிபோன் பூத்தில் நாலு பேர் பின்னால் நிற்க, அந்த வார்த்தைகளை எப்படிச் சொன்னீர்கள் அக்கா? நான் அதை நினைக்காத நாள் இல்லை.

மருந்து கடுமை என்று டாக்டர் சொன்னது சும்மா இல்லை. முதல் தடவை ஏற்றியபோது வாய் முழுக்கப் புண். உதட்டிலிருந்து தொண்டை வரைக்கும். தண்ணீர்கூட விழுங்க முடியவில்லை. உப்பிலேயே பிறந்து வளர்ந்த மனுஷன், கஞ்சியில் ஒரு கல் உப்பு பட்டால் துடித்துப்போகிறார். உப்பில்லாத கஞ்சியை ஆறவைத்து ஸ்பூனில் கொடுத்தேன். முடி கொட்டியது, நகம் கறுத்தது. அதெல்லாம் பரவாயில்லை. முதுகில் ஊசி போட்டுவிட்டு அசையாமல் படுக்கச் சொல்லும்போதுதான் ரொம்பச் சிரமப்படுகிறார்.

இரண்டாவது தடவைக்குப் பிறகு காய்ச்சல் வந்துவிட்டது. ரத்த அணு எல்லாம் தரைமட்டத்துக்கு இறங்கிப்போய், மூக்கிலும் ஈறிலும் ரத்தம். தனி ரூமில் போட்டார்கள். முகமூடி கட்டிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும். பூங்குழலி டாக்டர் தன் வீட்டுக்குக்கூடப் போகாமல் பக்கத்திலேயே இருந்தார்கள். ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுவை உடனே ஏற்றவேண்டும், அதைக் கொடுக்க ஆட்களைக் கூட்டிவாங்க என்றார்கள். நான் ஆரோக்கியராஜ் வீட்டுக்குப் போன் போட்டேன். விடிந்தால் அவர் லாரியோடு வந்து ஆஸ்பத்திரி வாசலில் நிற்கிறார். பின்னால் பதினைந்து பேருக்குக் குறையாது. உப்பளத்து ஆட்கள், கடற்கரைக் குப்பத்திலிருந்து மீன் பிடிக்கிறவர்கள், பெருமுக்கல்லிலிருந்து இவருடைய கூட்டாளி ஒருவர். எல்லாருக்கும் முன்னால் சிவப்பிரகாசம் மாமா!

அக்கா, அவர் முகத்தைப் பார்க்கவேண்டும் நீங்கள். சோதனை பண்றாங்க என்று சொன்ன அதே மனுஷன், ஊசி குத்தும் பெண்ணிடம், "எவ்வளவு வேணுமோ எடுத்துக்கம்மா. அவன் என் தம்பி" என்று கையை நீட்டினார். வந்தவர்களில் பாதிப் பேரை ரத்தம் குறைவு, எடை குறைவு என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர்கள் அவமானப்பட்ட மாதிரி வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள். ஆரோக்கியராஜ் அண்ணன் லாரியில் எத்தனையோ விபத்தைப் பார்த்தவர். ஊசியைப் பார்த்ததும் மயக்கம் போட்டு விழுந்துவிட்டார். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். எத்தனையோ நாளுக்கப்புறம் சிரித்தேன்.

காய்ச்சல் இருந்தபோது ஒருநாள் இவர், "போதும் பாஞ்சாலை, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஈரத்துணியால் நெற்றியைத் துடைத்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து அவரே, "அண்ணிகிட்ட சரின்னு சொல்லிட்டனே" என்றார். அதோடு விட்டுவிட்டார். மறுநாளும் அதே பேச்சு வரவில்லை. காய்ச்சல் இறங்கிவிட்டது. நேற்று முதல் கொஞ்சம் இட்லி சாப்பிடுகிறார்.

தமிழ்நிலாவைக் கிளியனூரில் என் அக்கா வீட்டில் விட்டிருக்கிறேன். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை வந்து அப்பாவைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போனாள். உங்களை ரொம்பக் கேட்டாள்.

இன்னும் பாதி மருந்து பாக்கி. நீங்கள் எங்களுக்காக வேண்டிக்கொள்ளுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் நீங்கள் வேண்டிக்கொள்வீர்கள் என்று தெரியும்.

உங்கள் அன்பை மறவாத,
பாஞ்சாலை


மரக்காணம்,
28.12.2006

தெய்வத்துக்குச் சமமான கமலாம்பாள் அக்காவுக்கு,

உங்கள் தங்கை பாஞ்சாலை நமஸ்காரம். முதலில் நல்ல சேதி. மருந்து எல்லாம் முடிந்து, ஸ்கேன் எடுத்துப் பார்த்தார்கள். உடம்பில் எங்கேயும் நோய் இல்லை. இன்னும் ஒரு வருஷம், இரண்டு வருஷம் விடாமல் வந்து காட்டவேண்டும், அது தாண்டிவிட்டால் பயமில்லை என்று டாக்டர் சொன்னார்கள். உங்கள் தம்பி இப்போது ஈர்க்குச்சி மாதிரி இருக்கிறார். தலையில் புதுசாக முடி முளைக்கிறது, குழந்தைக்கு முளைக்கிற மாதிரி சுருள் சுருளாக. தமிழ்நிலா அதைத் தடவித் தடவிச் சிரிக்கிறாள்.

இங்கே மழை முடிந்து உப்பளம் முழுக்கத் தண்ணீர். பொங்கலுக்கு அப்புறம்தான் சேற்றை மிதித்துப் பாத்தி கட்டத் தொடங்குவார்கள். இந்த வருஷம் மிதிக்கிற வேலைக்கு உன்னை விடமாட்டேன், கரையில் உட்கார்ந்து கணக்குப் பார் என்று சிவப்பிரகாசம் மாமா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முந்தாநாள் சுனாமி வந்த தினம். குப்பத்துக்காரர்கள் கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். நாங்களும் போனோம். அந்தத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் நீங்கள் இருக்கிறீர்கள் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

உங்களுக்குச் சொல்லாமல் என்னால் வைத்துக்கொள்ள முடியாத ஒன்று இருக்கிறது. சொன்னால் உங்கள் மனசு என்ன ஆகுமோ என்று பத்து நாளாகப் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன். மற்றவர்கள் மூலம் தெரியவேண்டாம், என் கையால் தெரியட்டும்.

ஸ்கேன் பார்த்த அன்று, இவர் வெளியே உட்கார்ந்திருந்தபோது டாக்டரிடம் கேட்டேன். "ஒரே பேருள்ள நோய்ன்னீங்க. இவருக்கு மட்டும் வேற ரகம்னு அந்த லேப்ல எப்படிம்மா கண்டுபிடிச்சாங்க?" என்று. நன்றி சொல்லத்தான் அந்தப் பேச்சையே எடுத்தேன். டாக்டர் மேஜை டிராயரிலிருந்து ஒரு பெரிய காகிதத்தை எடுத்து விரித்தார்கள். முழுக்கச் சிவப்பும் பச்சையுமாகச் சின்னச் சின்னப் புள்ளி. மேலிருந்து கீழே ஒவ்வொரு வரிசையும் ஒவ்வொரு ஆளாம். வேலை செய்கிற ஜீன் சிவப்பு, சும்மா இருக்கிறது பச்சை. "ஒருத்தரோட வரிசையை மட்டும் வெச்சுக்கிட்டு ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. நிறையப் பேரோடதைப் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாத்தான் யாரு யாரு ஒரே ஜாதி நோய்ன்னு தெரியும். அந்த ஆளுங்களுக்கு அப்புறம் என்ன ஆச்சுங்கறதும் தெரியணும். அப்பத்தான் புதுசா வர்றவருக்கு என்ன மருந்து குடுக்கணும்னு யோசிக்கலாம்" என்றார்கள்.

பெரும்பாலான வரிசைகள் ஒரு பக்கமாகக் கூட்டமாக இருந்தன. இவருடைய வரிசை தள்ளி, மறு ஓரத்தில் இருந்தது. அதோடு ஒட்டி இன்னும் மூன்று நான்கு வரிசைதான். அதில் ஒன்று அச்சு அசல் இவருடையது மாதிரியே இருந்தது. படிக்காத என் கண்ணுக்கே தெரிந்தது. இது யாருதும்மா என்று கேட்டேன். "பேரு சொல்லக் கூடாதும்மா. எங்களுக்கே அதுல நம்பர்தான்" என்றார்கள். இவங்க எல்லாம் எப்படி இருக்காங்க என்று கேட்டேன். டாக்டர், "இவங்க எல்லாரும் பழைய மருந்து வாங்கினவங்க" என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்தார்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

டாக்டர் எந்தப் பெயரையும் சொல்லவில்லை அக்கா. நானும் மேலே கேட்கவில்லை. அது மாமாவுடையதாக இருக்குமோ என்று என் மனசுக்குப் பட்டுவிட்டது. ஆனால் மாமா கையெழுத்துப் போட்ட அன்று நாம் நாலு பேரும் அங்கேதானே இருந்தோம். ஆராய்ச்சிக்குக் கொடுப்பதால் உங்களுக்கு ஒரு பலனும் இருக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொன்னார்கள். உங்களுக்குக் கோபம். "வெட்டினது போதாதா, இன்னும் எதுக்கு?" என்று கேட்டீர்கள். மாமாதான் சிரித்துக்கொண்டு, "வேணாம்னு வெட்டிப் போட்டது கமலா. யாருக்காச்சும் ஆவும்னா எடுத்துக்கட்டும், விடு" என்றார். அவர் போட்டதால்தான் இவர் போட்டார். அவர் போடாமல் இருந்திருந்தால் இவர் துண்டு பெங்களூருக்குப் போயே இருக்காது. போயிருந்தாலும் பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒன்று குறைந்திருக்கும்.

எல்லாருடைய துண்டையும் சேர்த்து மே மாசக் கடைசியில் ஒரே தடவையாகத்தான் மெஷினில் போட்டார்களாம். அதையும் நான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். மாமா அதற்குப் பத்து நாள் முன்னாலேயே போய்விட்டார். வெளிநாட்டிலேயே இப்போதுதான் இந்த ரகத்தை இப்படிப் பிரித்துப் பார்க்கிறார்களாம். யாரும் எதையும் தெரிந்து மறைக்கவில்லை. யாரும் தாமதம் செய்யவில்லை. இதை நான் உங்களுக்குச் சமாதானம் சொல்வதற்காக எழுதவில்லை. உங்களுக்குத் தோன்றக்கூடியதெல்லாம் எனக்கும் தோன்றிவிட்டது, அதனால் கேட்டேன்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அது என்ன என்று நான் எழுதவேண்டியதில்லை, உங்களுக்கே தெரியும்.  அன்று இவர் சாப்பிடவில்லை. மறுநாள் குளித்துவிட்டு, மாமா படம் ஒன்று வேண்டும், அண்ணியிடம் கேட்டு வாங்கு என்றார். சுவரில் எங்கள் மாமனார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டவேண்டுமாம். இருந்தால் ஒன்று அனுப்புங்கள். ஆஸ்பத்திரிக்கு வருவதற்கு முன்னால் எடுத்த படமாக இருக்கட்டும். நோயில்லாத மாமாவை நாங்கள் பார்த்ததே இல்லை.

நான் யாருக்கெல்லாமோ நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன். டாக்டருக்கு ஒரு மூட்டை கல்லுப்பும் கருவாடும் கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்கள். ரத்தம் கொடுத்தவர்களுக்கும், கொடுக்க முடியாமல் திரும்பினவர்களுக்கும் சேர்த்து வீட்டில் சோறு போட்டோம். ஆரோக்கியராஜ் அண்ணன் எங்களுக்காக வேளாங்கண்ணிக்கு நடந்தே போய் வந்தார். எல்லாருக்கும் ஏதோ ஒன்று செய்ய முடிந்தது. உங்களுக்கு என்ன செய்வது என்று மட்டும் தெரியவில்லை. உங்களுக்கும் மாமாவுக்கும் நன்றி என்று எழுதினால் அந்த வார்த்தை போதவில்லை. போதாததோடு, அதைச் சொல்லவே கூசுகிறது. என் வீட்டில் விளக்கு எரிகிறது என்று, விளக்கில்லாத வீட்டில் போய் எப்படிச் சொல்வேன்?

அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன் அக்கா. உங்களுக்கு ஏப்ரலில் லீவு கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். கப்பல் ஏறி இங்கே வாருங்கள். நாங்கள் இரண்டு பேரும் துறைமுகத்துக்கு வந்து நிற்கிறோம். ஒரு மாசம் எங்கள் வீட்டில் இருங்கள். அப்போது உப்பு எடுக்கிற காலம், வெயில் கடுமையாக இருக்கும். ஆனால் சாயங்காலம் கடல்காற்று வரும். நீங்கள் எங்களை வாழ்த்தவேண்டும் என்று கூப்பிடவில்லை. இவரைப் பார்க்கும்போது உங்களுக்கு ஆத்திரம் வரலாம். அன்று இவர் கேட்ட மாதிரியே, ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று வாய்விட்டுக் கேட்கத் தோன்றலாம். வந்து கேளுங்கள். அழவேண்டும் என்றால் எங்கள் வீட்டில் உட்கார்ந்து அழுங்கள். என்மேல் கோபம் இருந்தால் அதையும் கூடவே எடுத்துக்கொண்டு வாருங்கள் அக்கா. வராமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

உங்கள் வரவுக்குக் காத்திருக்கும்,
பாஞ்சாலை, அர்ச்சுனன், தமிழ்நிலா